கணையப் புற்று வந்த குடும்பம்: யாருக்கு ஸ்கேன், எந்த வயதில், எந்த ஸ்கேன்? (இணைய இழை; ஆற்றுப் பெயர்கள் பேசுபவர்களின் புனைபெயர்கள்)

அரசலாறு
களத்தில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு தெளிவு தேவைப்படுகிறது. சர்க்கரை, பிரஷர் பட்டியலோடு வீடு வீடாகப் போகும்போது கணையப் புற்றில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளும் வருகின்றன. "எங்களுக்கும் வருமா, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?" என்று கேட்கிறார்கள். சிலர் தாங்களாகவே முழு உடல் பரிசோதனை என்று போய், வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்து, "நார்மல்" என்ற சீட்டோடு நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள்.

மாதிரிக்கு ஒரு குடும்பம், அடையாளம் தெரியாதபடி வயதுகளை மாற்றியிருக்கிறேன். கேட்பவர் பேரன், வயது 36. அவருடைய சித்தப்பாவுக்கு 54 வயதில் கணையப் புற்று, சீட்டு இருக்கிறது. அப்பாயி (அப்பாவைப் பெற்றவர்) 67 வயதில் மஞ்சக்காமாலையில் போனார், சீட்டு எதுவும் இல்லை. அப்பாவுக்கு 62, திடமாக இருக்கிறார். பேரன் கட்டியிருப்பது அத்தை மகளை. இதில் யாரைப் பார்க்க வேண்டும், எதைக் கொண்டு பார்க்க வேண்டும்?

குடமுருட்டி
ஸ்கேன் இருக்கட்டும், முதலில் வம்சப் படம் வரைய வேண்டும். நம் பக்கம் பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது, அதற்குக் காரணம் நம் உறவுச் சொற்கள்.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தம்பியாக இருக்கலாம், சித்தியைக் கட்டியவராகவும் இருக்கலாம், அப்பாவின் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். முதலாமவர் நெருங்கிய இரத்த உறவு. இரண்டாமவருக்கு வந்த நோய்க்கும் கேட்பவருக்கும் மரபணுத் தொடர்பே கிடையாது. மூன்றாமவர் தூரத்து உறவு. மாமா இன்னும் சிக்கல்: தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் எல்லோரும் மாமாதான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீட்டில் மூன்றும் ஒரே ஆளாகவும் இருப்பார். அண்ணன் என்று சொல்பவரில் பாதிப்பேர் ஒன்றுவிட்ட அண்ணன். அதனால் "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்காதீர்கள். "அவரைப் பெத்த அம்மா யாரு, அப்பா யாரு?" என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் படத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் வந்து சேர்ந்தால்தான் கோடு போட வேண்டும்.

ஒரு முழுத்தாளைக் குறுக்குவாட்டில் வைத்து மூன்று தலைமுறை வரையுங்கள். ஆண் சதுரம், பெண் வட்டம், இறந்தவர் மேல் சாய்கோடு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக்கோடு. ஒவ்வொருவருக்கும் இப்போதைய வயது அல்லது நோய் தெரிந்த வயது. இறந்த வயது வேறு, நோய் தெரிந்த வயது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கணையத்தோடு நிறுத்திவிடாமல் மார்பு, சினைப்பை, புராஸ்டேட், பெருங்குடல், கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுகளையும் கேட்டு எழுதுங்கள். மகளுக்கு 38-ல் மார்புப் புற்று, தகப்பனுக்குக் கணையப் புற்று என்றால் அது வேறு கதை.

அடுத்து அந்த "மஞ்சக்காமாலை". சீட்டு இல்லாத சாவுக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: காய்ச்சலோ கடும் வலியோ இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறியதா? உடம்பெல்லாம் அரித்ததா? மலம் வெளுத்து, சுண்ணாம்பு கலந்த மாதிரி போனதா? மஞ்சளுக்கு முன்பே சட்டை தொளதொளவென்று ஆகுமளவு மெலிந்தாரா? கீழாநெல்லி கொடுத்தும் அடங்காமல் சில மாதங்களில் முடிந்ததா? இதற்கெல்லாம் ஆம் என்றால் கணையத் தலையையோ பித்தக்குழாயின் கீழ்முனையையோ சந்தேகிக்கலாம். மாறாக வயிறு ஊதி நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்திருந்தால் கல்லீரல் பக்கம் பாருங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு சீட்டாவது கிடைத்தால் "ஸ்டென்ட்", "ஈ.ஆர்.சி.பி." (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தக்குழாயில் செய்யும் வேலை), "விப்பிள்" (கணையத் தலையை எடுக்கும் அறுவை), "பெரி ஆம்புல்லரி" ஆகிய சொற்களைத் தேடுங்கள். கடைசிச் சொல்லில் கவனம் வேண்டும்: அது பித்தநீரும் கணையநீரும் குடலுக்குள் இறங்கும் வாயைச் சுற்றி வரும் புற்றுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அதைக் கணையப் புற்று என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

கொள்ளிடம்
குடமுருட்டி மேடம் சொன்னதற்கு மேல், அரசலாறு கேட்ட குடும்பத்துக்குக் கணக்குப் போடுகிறேன்.

மரபணு மாற்றம் எதுவும் தெரியாத குடும்பத்தில் கேப்ஸ் என்ற பன்னாட்டுக் குழுவின் விதி இது: உங்கள் முதல்நிலை உறவில் (பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளை) ஒருவருக்குக் கணையப் புற்று, அவருடைய முதல்நிலை உறவில் இன்னொருவருக்கும் கணையப் புற்று. இரண்டும் பொருந்தினால் கண்காணிப்பு, அதாவது ஆண்டுதோறும் ஸ்கேன்.

சித்தப்பா அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, அப்பாயிக்கு வந்ததும் கணையப் புற்று என்றே வைத்துக்கொள்வோம். சித்தப்பாவும் அப்பாயியும் மகனும் தாயும். இப்போது:

அப்பா (62): தம்பி ஒருவர், தாய் ஒருவர், இருவரும் அவருக்கு முதல்நிலை. தகுதி உண்டு, இப்போதே தொடங்கலாம்.
அத்தை: அப்பாவுக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். குடும்பத்தில் அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், கட்டிக்கொடுத்துப் போனவர் என்பதால்.
சித்தப்பாவின் பிள்ளைகள்: தகப்பனுக்கு நோய், தகப்பனின் தாய்க்கு நோய். தகுதி உண்டு. தொடங்கும் வயது 50 அல்லது 55, இல்லையென்றால் குடும்பத்தில் மிக இளையவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் 10 ஆண்டு முன்பு, எது முந்தியோ அது. 54-ல் 10 போனால் 44.
பேரன் (36): அவருடைய முதல்நிலை உறவில் நோயாளி யாரும் இல்லை. இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். கேட்டு வந்தவர் அவர், பார்க்க வேண்டியவர்கள் மற்றவர்கள். பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

அப்பாயிக்கு வந்தது கணையப் புற்று இல்லை என்று தெரிந்தால் இந்த அடுக்கு முழுவதும் சரிந்துவிடும், ஒற்றை நோயாளி உள்ள குடும்பமாகிவிடும். அதனால்தான் மேலே அவ்வளவு கேள்வி.

மரபணு மாற்றம் தெரிந்த குடும்பத்துக்கு விதி வேறு. எஸ்.டி.கே.11 (உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளி, குடலில் பாலிப் வரும் பியூட்ஸ் ஜெகர்ஸ்), சி.டி.கே.என்.2ஏ இரண்டுக்கும் குடும்பத்தில் கணையப் புற்று இல்லாவிட்டாலும் 40 வயதிலிருந்து. மார்புப் புற்றோடும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2, ஏ.டி.எம். (பணம் எடுக்கும் இடம் இல்லை, மரபணுவின் பெயர்), பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுகள் குடும்பமாக வரும் லிஞ்ச் நோயின் மரபணுக்கள்: முதல்நிலை உறவில் ஒருவருக்காவது கணையப் புற்று இருந்தால் 45–50 வயதில், அல்லது அந்த 10 ஆண்டுக் கணக்கில்.

வெட்டாறு
பி.ஆர்.சி.ஏ. விஷயத்தில் சின்னத் திருத்தம் சார். அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் பி.ஆர்.சி.ஏ. 1, 2 உள்ளவர்களுக்குக் குடும்ப வரலாறு இல்லாவிட்டாலும் 50-லிருந்து பார்க்கலாம் என்கிறது. கேப்ஸ் அந்த அளவு போகவில்லை. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தெரியாமல் பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், டெல்டாவில் அந்த ஆண்டு ஸ்கேனுக்கான அலைச்சலை முதலில் சினைப்பை, மார்பு பக்கம் செலவிடச் சொல்வேன். பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்ணுக்குக் குழந்தைப்பேறு முடிந்தபின் 35–40 வயதில் சினைப்பையை எடுப்பது உயிர் காக்கும் என்று நிரூபணமான வேலை. அதை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வருஷா வருஷம் ஓடுவது வாய்க்காலைத் தூர்வாராமல் வயலில் நீர் பாயவில்லை என்பது போல.

கொள்ளிடம்
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் செய்ய முடிகிறவரை ஒன்றோடு நிறுத்த வேண்டாம்.

அரசலாறு
மரபணுச் சோதனையை யாருக்கு எடுப்பது? பேரனே காசு கட்டத் தயாராக இருக்கிறார்.

குடமுருட்டி
பேரனுக்கு எடுத்தால் கிடைக்கும் "நெகட்டிவ்" எதையும் சொல்லாது. குடும்பத்தில் மாற்றம் இருந்து அது இவருக்கு வராமல் போயிருக்கலாம், அல்லது குடும்பத்திலேயே அந்தப் பட்டியலில் உள்ள மாற்றம் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

முதல் ஆள் எப்போதும் நோயாளி. அதனால்தான் கணையப் புற்று தெரிந்த எவருக்கும் வயது, குடும்ப வரலாறு பார்க்காமல் மரபணுச் சோதனை என்பது இன்று விதியாகிவிட்டது. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருந்தால் பரவிய நோயில் ஒலாபரிப் மாத்திரைக்கும் அது வழி திறக்கும். ஆகவே நோயாளி உயிரோடு இருக்கும்போதே ஊதா மூடி போட்ட குழாயில் 3–5 மி.லி. இரத்தம் எடுத்துவிட வேண்டும். "இந்த நேரத்துல இது எதுக்கு" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். கணையப் புற்றில் தள்ளிப்போட நாள் இருக்காது. வற்புறுத்தாமல், ஆனால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே சித்தப்பா உயிரோடு இல்லை. அவருக்கு அறுவையோ பயாப்ஸியோ நடந்திருந்தால் அந்த மருத்துவமனை நோயியல் துறையில் அவருடைய திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி இருக்கலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டின் தலையில் இருக்கும் எண்தான் அதற்குச் சாவி, ஓ.பி. எண் உதவாது. அதிலிருந்து பிறவி மாற்றத்தைப் பிரித்தறிவது சுலபமில்லை, ஊசியில் எடுத்த துணுக்கில் சரக்கும் போதாது. கிடைக்காவிட்டால் அடுத்தது அப்பா, அத்தை, சித்தப்பாவின் பிள்ளைகளில் ஒருவர். இவர்களில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அதன்பின் பேரனுக்கு அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு. அப்போது அவருக்கு வரும் நெகட்டிவ் மெய்யான நெகட்டிவ்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது: பட்டியலில் ஏ.டி.எம்., பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, சி.டி.கே.என்.2ஏ, பி.ஏ.எல்.பி.2, எஸ்.டி.கே.11, டி.பி.53, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, எப்கேம் எல்லாம் இருக்கின்றனவா? "மார்புப் புற்று பேனல்" என்று விற்பதில் சி.டி.கே.என்.2ஏ விட்டுப்போயிருக்கலாம். மரபணுவின் பெரிய துண்டு காணாமல் போவதையும் பார்க்கிறார்களா? எஸ்.டி.கே.11-இல் அது கணிசமாக வரும், எழுத்துப்பிழையை மட்டும் தேடும் சோதனை அதைத் தவறவிடும்.

ரிப்போர்ட்டில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் அது பாசிட்டிவ் இல்லை. அதை வைத்து ஸ்கேன் தொடங்கவும் கூடாது, சொந்தக்காரர்களைச் சோதிக்கவும் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் அந்த மாற்றத்தின் தரம் மாறியிருக்கிறதா என்று கேட்டால் போதும்.

குடும்பத்தில் மூன்று பேருக்கு நோய் இருந்தும் மாற்றம் எதுவும் அகப்படாத வீடுகள்தான் அதிகம். அங்கே கண்காணிப்பு வம்சப் படத்தை வைத்துத் தொடரும். முதல்நிலை உறவில் இருவர் என்றால் சுமார் 6 மடங்கு, மூவர் என்றால் 32 மடங்கு என்பது 2004-ல் வந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கணக்கு.

கடைசியாக, அத்தை மகள் கல்யாணம். அப்பாவும் அத்தையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அப்பாயி வழியில் ஒரு மாற்றம் இறங்கியிருந்தால் பேரனிடமும் அவர் மனைவியிடமும் அதே மாற்றம் இருக்க வாய்ப்பு உண்டு. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-ல் 1 பங்கு குழந்தைக்கு இரட்டைப் பிரதி சேரும். ஏ.டி.எம். இரட்டைப் பிரதி என்றால் நடை தள்ளாடும் அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா, பி.ஆர்.சி.ஏ.2 அல்லது பி.ஏ.எல்.பி.2 என்றால் ஃபேன்கோனி இரத்தசோகை. கணையத்தைப் பற்றிக் கேட்டு வந்த 36 வயதுக்காரருக்கு இதுதான் அவசரமான செய்தி, இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால்.

புது ஆறு
நேரடியாகக் கேட்கிறேன். இந்த ஸ்கேனால் உயிர் பிழைக்கிறார்களா?

கொள்ளிடம்
கேப்ஸ்-5 ஆய்வு, 2022. அதிக ஆபத்துள்ள 1,461 பேர். கண்காணிப்பில் இருக்கும்போது கண்டுபிடித்த 9 கணையப் புற்றுகளில் 7 முதல் கட்டத்தில் இருந்தன. இதுவரையான கேப்ஸ் ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தால், கண்காணிப்புக்கு வெளியே 7 பேருக்கு நோய் தெரிந்தது, அதில் 6 பேருக்குத் தெரியும்போதே பரவிவிட்டது. கண்காணிப்பில் பிடிபட்டவர்களின் ஐந்தாண்டுப் பிழைப்பு 73 சதவீதம்.

வெட்டாறு
எண்ணிக்கையைப் பாருங்கள்: 1,461-க்கு 9. மற்றவர்கள் வருஷா வருஷம் எதற்குப் போனார்கள் என்று கேட்பது நியாயம். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் இல்லை. ஆபத்து அதிகமில்லாத பொதுமக்களுக்கு இதைச் செய்யவே கூடாது என்று அமெரிக்கத் தடுப்புநலப் பணிக்குழு 2019-லும் திரும்பச் சொன்னது. காரணம், ஸ்கேன் எடுத்தால் எதாவது தெரியும். 2012-ல் வந்த கேப்ஸ்-3 ஆய்வில், அறிகுறியே இல்லாத 216 பேரில் இ.யூ.எஸ். (எண்டோஸ்கோப் முனையிலிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) 42.6 சதவீதம் பேரிடமும், எம்.ஆர்.ஐ. 33.3 சதவீதம் பேரிடமும், சி.டி. 11 சதவீதம் பேரிடமும் ஏதோ ஒரு மாற்றத்தைக் காட்டின. பெரும்பாலும் சின்ன நீர்க்கட்டிகள். அதைக் கண்டு பதறிக் கணையத்தை அறுத்தால், கைதேர்ந்த இடத்திலும் அறுவையில் உயிரிழப்பு உண்டு. பிழைத்தவருக்குச் சர்க்கரையும், சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் நொதி மாத்திரையும் மிச்சம்.

அதனால் உள்ளே போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி: நாளைக்கு ஒன்று தெரிந்தால் இவர் பெரிய அறுவையைத் தாங்குவாரா, சம்மதிப்பாரா? இதயம் பலவீனம், 78 வயது, அறுவை வேண்டாம் என்கிறார் என்றால் ஸ்கேன் எடுப்பதில் பொருளில்லை.

கொள்ளிடம்
அந்த சி.டி. எண்ணைக் கவனியுங்கள். "சி.டி.தான் எடுத்தாச்சே" என்பவர்களுக்கு அதுவே பதில். ஆண்டுதோறும் கதிர்வீச்சும் சேரும். வயிற்று அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்தால் கணையத்தின் வால் பகுதி கண்ணிலேயே படாது. "நார்மல்" என்று இருந்தாலும் ரிப்போர்ட்டின் அடியில் "கணையம் பகுதியே தெரிந்தது" என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள்.

வழக்கம்: தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. + எம்.ஆர்.சி.பி.யும் (அதே எம்.ஆர்.ஐ.யில் பித்தக்குழாய், கணையக்குழாயைக் காட்டும் படம்) இ.யூ.எஸ்.ஸும். அதன்பின் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம் இது, அடுத்த வருஷம் அது. நீர்க்கட்டிக்கு எம்.ஆர்.ஐ. நல்லது, 1 செ.மீ.க்கும் சிறிய திடக்கட்டிக்கு இ.யூ.எஸ்.

கூடவே வெறும்வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி). இரத்தசோகை இருப்பவரிடம் இரண்டாவதை நம்ப வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். நம் பக்கப் பெண்களுக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரையே பாதுகாப்பு. சி.ஏ.19-9 என்ற புற்றுக் குறியீட்டு இரத்தச் சோதனை ஆண்டு வழக்கத்தில் இல்லை. சந்தேகம் வந்தபின்தான் அது பயன்படும். பித்தக்குழாய் அடைத்திருந்தால் புற்று இல்லாமலேயே ஏறும். இரத்தத்தில் லூயிஸ் வகை இல்லாத 5–10 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தாலும் ஏறாது.

வெண்ணாறு
எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து சில விஷயங்கள். டாக்டர் சீட்டில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

அரைஞாண். வெள்ளி அரைஞாண், அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, இரண்டும் சரியாகக் கணைய மட்டத்துக்கு அருகில் வந்து நிற்கும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது, ஆனால் படத்தைக் கெடுக்கும். தாயத்துக்குள் இருக்கும் தகடு என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள், இங்கே வந்து கயிற்றை அறுக்கச் சொன்னால் வயதானவர்கள் கலங்கிப்போகிறார்கள். தாலிக்கொடிக்கும் அதேதான்: முதல் நாளே விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தால் யாருக்கும் சங்கடமில்லை. மெட்டி கழலவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லட்டும். ஊக்கு, ஹேர்பின், இடுப்பில் செருகிய சாவிக்கொத்து இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

வயிறு. 4–6 மணி நேரம் வெறும்வயிறு. எம்.ஆர்.சி.பி. என்பது நிற்கும் நீரை வெள்ளையாகக் காட்டும் படம். இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் நீர் நின்றால் அது கணையக்குழாய் மேல் விழுந்து மறைக்கும். சில இடங்களில் அன்னாசிப்பழச் சாறு கொடுப்பார்கள். அதிலுள்ள மாங்கனீசு குடல் நீரைக் கறுக்க வைக்கும். சர்க்கரைக்காரர் அதைக் குடிக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

மூச்சு. படம் கெடுவதற்கு முதல் காரணம் இது. "மூச்சை விட்டு நிறுத்துங்க" என்றால் பாதிப்பேர் இழுத்து நிறுத்துகிறார்கள். முந்தின இரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு 15–20 நொடி நிறுத்திப் பழகினால் போதும். மொத்தம் 30–45 நிமிஷம் ஆகும்.

மருந்து ஊசி போட வேண்டியிருந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிப்போர்ட் புதிதாக இருக்கட்டும். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தால் அட்டையோடு வரவும்.

ரிப்போர்ட் வாங்கும்போது பாருங்கள்: கணையக்குழாயின் அகலம் தலை, உடல், வால் மூன்றிலும் மில்லிமீட்டரில் இருக்கிறதா? நீர்க்கட்டி இருந்தால் எத்தனை, எங்கே, எந்த அளவு, உள்ளே முடிச்சு உண்டா? ஓரிடத்தில் மட்டும் கணையம் சுருங்கியிருக்கிறதா? கடைசியாக "முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்" என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் அது தனிப் படம், கண்காணிப்பு இல்லை.

அந்த வரி வரவேண்டுமானால் பழைய படம் இருக்க வேண்டும். பிலிம் போதாது. தகரக் கூரைக்குக் கீழே பீரோ மேல் வைத்த வெப்பப் பிலிம் இரண்டு கோடையில் கறுத்துப்போகும். சி.டி. கேளுங்கள் (சி.டி. ஸ்கேன் இல்லை, வட்டத் தகடு). அன்றைக்கே பென் டிரைவில் முழு ஃபோல்டராக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திறந்து மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் ஒரு மில்லிமீட்டரும் அளக்க முடியாது.

புது ஆறு
இ.யூ.எஸ். எல்லா எண்டோஸ்கோபி இடத்திலும் உண்டா, அண்ணே?

கொள்ளிடம்
இல்லை. சாதாரண எண்டோஸ்கோப் இரைப்பையின் உட்சுவரோடு நின்றுவிடும். இ.யூ.எஸ்.ஸில் குழாயின் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும், இரைப்பைச் சுவர் வழியாகக் கணையத்தைப் பார்க்கும். செய்பவரின் கையைப் பொறுத்தது, அதனால் போனில் கேட்கவேண்டியது "மெஷின் இருக்கா?" அல்ல, "கணையத்துக்கு அடிக்கடி செய்கிறீர்களா, திசு எடுக்கும் வசதி உண்டா?"

மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. திட உணவுக்கு 6–8 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். இங்கே அதிகம் தவறுவது டீ. விடியற்காலை பஸ் ஏறி, மாயவரத்திலோ பாபநாசத்திலோ பஸ் நிற்கும்போது "ஒரு டீதானே" என்று குடித்துவிடுகிறார்கள். பால் கலந்த டீ உணவுக் கணக்கில்தான் வரும். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் ஏறும் அபாயம் இருப்பதால் அன்றைய வேலை ரத்தாகும், அடுத்த தேதிக்கு மாதக் கணக்காகும்.

சர்க்கரை மாத்திரையை அன்று காலை விட்டுவிடலாம். டாபாக்லிஃப்ளோசின் வகையை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் தானாக எதையும் நிறுத்தக் கூடாது, அளவு கேட்டு மாற்ற வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல் வெறும் பார்வைக்குத் தடையில்லை. திசு எடுப்பதாக இருந்தால் இதய டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்தால் அது உடனடி ஆபத்து. தனியாக வரக் கூடாது, அன்று வண்டி ஓட்டவும் கூடாது.

அரசலாறு
ரிப்போர்ட்டில் எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

கொள்ளிடம்
மஞ்சளோடு கணையத் தலையில் கட்டி, திடக்கட்டி, முக்கியக் குழாய் 10 மி.மீ. அல்லது மேல், நீர்க்கட்டிக்குள் 5 மி.மீ. அல்லது பெரிய முடிச்சு: இவை அறுவை நிபுணரிடம் போக வேண்டியவை. குழாய் 5 முதல் 9.9 மி.மீ., நீர்க்கட்டி 3 செ.மீ. எட்டியது, நீர்க்கட்டி வேகமாக வளர்வது: 3 அல்லது 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பது, இ.யூ.எஸ். சேர்ப்பது. குழாய் ஓரிடத்தில் சட்டென்று குறுகி அதற்கு மேலே விரிந்திருந்தால், கட்டியே தெரியாவிட்டாலும் விட வேண்டாம். எந்தச் சமயத்திலும் ஒற்றை மருத்துவர் முடிவில் கத்திக்குப் போகாதீர்கள். வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் மாதிரி, அறுவை, கதிரியக்கம், நோயியல் மூன்றும் கூடிப் பேசும் இடத்தில் ஒருமுறையாவது காட்டுங்கள்.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவிலும் நோய் வரும். 50-க்கு மேல் புதிதாகச் சர்க்கரை, கூடவே எடை இறக்கம்; அல்லது கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் எகிறுவது; முதுகுக்குக் குத்தும் வலி; எண்ணெய் மிதக்கும் மலம். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். அரசலாறு, உங்கள் பட்டியலிலேயே இதைப் பிடிக்க முடியும்: வழக்கமாகச் சர்க்கரை தொடங்கும்போது ஆள் பருமனாக இருப்பார். மெலிந்துகொண்டே சர்க்கரை தொடங்கியவரைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வெட்டாறு
இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்காமல் இந்த இழையை மூடக் கூடாது: கல் கணையம். இளம் வயதிலிருந்தே வயிற்று வலி, பின்னர் சர்க்கரை, எக்ஸ்ரேயிலேயே கணையத்தில் பெரிய கற்கள். தென்னிந்தியாவில் பரவலாகச் சொல்லப்பட்ட நோய் இது. மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் பேசினார்கள், பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் கணிசமானோரிடம் இருக்கிறது. இவர்களுக்குப் புற்று ஆபத்து பலமடங்கு அதிகம் என்று 1994-லேயே சென்னை ஆய்வாளர்கள் பங்கேற்ற கட்டுரை சொன்னது. வரும் வயதும் குறைவு.

ஆனால் இவர்கள் மேலே சொன்ன "குடும்பக் கணையப் புற்று" விதிக்குள் வர மாட்டார்கள். ஆண்டுக் கண்காணிப்பு பிறவிக் கணைய அழற்சியில், அதாவது பி.ஆர்.எஸ்.எஸ்.1 மாற்றம் உள்ளவர்களுக்குத்தான் தெளிவாகச் சொல்லப்படுகிறது: 40 வயதில், அல்லது முதல் அழற்சிக்கு 20 ஆண்டு கழித்து. நம் ஊர்க் கல் கணையத்தில் அந்த மரபணு அரிது.

கொள்ளிடம்
ஆமாம். அதோடு கல் நிறைந்த கணையத்தில் இ.யூ.எஸ். பயனில்லை, கல்லின் நிழல் எல்லாவற்றையும் மறைக்கும். சி.டி., எம்.ஆர்.ஐ.தான். நடைமுறையில் நான் சொல்வது: வருஷக் கணக்காக ஒரே மாதிரி இருந்த வலியின் தன்மை மாறினால், அடங்கியிருந்த வலி திரும்பி வந்தால், நொதி மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால், மஞ்சள் தட்டினால் உடனே சி.டி. "பழைய வலிதானே" என்று வலி மாத்திரையோடு ஓட்டுவதுதான் இங்கே ஆளைக் கொல்கிறது.

பீடி, சுருட்டு, புகையிலை போட்ட வெற்றிலை மூன்றையும் விடச் சொல்லுங்கள். பிறவிக் கணைய அழற்சியில் புகைப்பவருக்குப் புற்று சுமார் 20 ஆண்டு முன்னதாக வருகிறது. எந்த ஸ்கேனும் அந்த 20 ஆண்டைத் திருப்பித் தராது.

புது ஆறு
காப்பீடு?

குடமுருட்டி
முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அறிகுறி இல்லாதவரின் ஆண்டு ஸ்கேனை அதில் எதிர்பார்த்துக் கிளம்ப வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யில் கட்டணம் வெளியைவிடக் குறைவு, முதலில் அங்கே கேளுங்கள். தனியார் பாலிசி எடுப்பதாக இருந்தால் சோதனைக்கு முன்பே எடுப்பது நல்லது. மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. எடுக்கும்போது படிவத்தில் கேட்ட எதையும் மறைக்காதீர்கள், மறைத்தது பின்னால் கிளெய்மை அடித்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 2024 விதிப்படி அதிகபட்சம் 36 மாதம்.

அரசலாறு
நன்றி மேடம், சார், அண்ணே. அந்த வீட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன். அப்பாவையும் அத்தையையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறேன். தேதி நினைவில் நிற்க என்ன செய்யலாம்?

வெண்ணாறு
சம்பா அறுப்பு முடிந்து மாசி மாதம் என்று வைத்துவிடுங்கள். நடவு, அறுப்பு நாளில் தேதி கொடுத்தால் வர மாட்டார்கள். அத்தை வரும்போது பழைய மெட்டியைச் சோப்புத் தண்ணீர் போட்டு முதல் நாளே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.